மூன்று அரக்குக் கரைகள்

"மழை வரும்போல இருக்குது" என்று அவளிடம் சும்மா சொல்லிவிட முடியாது. "எதை வெச்சுச் சொல்றேக்கா?" என்று கேட்பாள். மேகம் கறுத்துக்கினு வருதே என்றால், "போன மாசம் இதே மாதிரி கறுத்துதே, அதுல எத்தனை நாள் பெஞ்சுது?" என்பாள். நான் கொடியில் காயும் துணியை எடுக்கப் போவேனா, நின்று அவளுக்குக் கணக்குச் சொல்வேனா? துணி நனைந்தது பல நாள். நனையாமலே நான் ஓடி ஓடி எடுத்ததும் பல நாள். அதையும் அவள்தான் எண்ணி வைத்திருப்பாள்.

அவள் பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து, "இதுல இருக்கறது நான்தான்னு உனக்குப் பக்காவா தெரியுமாக்கா?" என்று கேட்டாலும் கேட்பாள்.

அறுபத்தஞ்சு, அறுபத்தாறாம் வருஷம் இருக்கும். அரிசிக்கு ரேஷன் கடையில் காலையிலேயே போய் நிற்போம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதலாளி வீட்டில் எனக்கு மடிப்பு வேலை. தறியிலிருந்து இறங்கி வருகிற புடவையை மடித்து, காகிதம் சுற்றி, நூல் கட்டி, யாருக்கு என்று எழுதின சீட்டை நூலில் செருகி அலமாரியில் வைக்க வேண்டும். அஞ்சாவது வரைக்கும் படித்ததால் சீட்டு எழுதுவது என் பொறுப்பு. வாய் பேசுவதுதான் வராது. முதலாளி எதிரே வந்தால் கையில் இருக்கிற புடவையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவள் முந்தானைக்குக் குஞ்சம் முடிகிறவள். என்னைவிட அஞ்சு வயது சின்னவள். அவள் புருஷன் இலவம்பஞ்சு அடித்து மெத்தை தைக்கிற பாய். ஒல்லியாக இருப்பாள், தலையில் முக்காடு, புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, ஜலதோஷம் பிடித்த மாதிரி எப்போதும் கரகரத்த குரல். முடிச்சுப் போட்டு வெட்டின நூல் துண்டுகள் அவள் மடியில் கிடக்கும். எதையாவது யோசிக்க வேண்டுமென்றால் அந்தத் துண்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்புவாள். இது இப்படி ஆனது, இது அப்படி ஆனது என்று நிறம் நிறமாகப் பிரிப்பாள். வீட்டுக்குப் போகும்போது புடவையெல்லாம் பச்சையும் நீலமுமாக நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். "இன்னாம்மா, கிளி இறகு உதிர்த்த மாதிரி போறே" என்று மூலையில் பூ விற்கிறவள் கேலி செய்வாள்.

எங்கள் தெருக் கடைசியில் குறி சொல்கிறவர் ஒருத்தர் இருந்தார். என் மாமியாருக்கு அவர் மேல் உசிர். "அவர் சொன்னது பலிக்காம போனதே இல்ல. அந்த வாசல்ல நிக்கற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு" என்றார் ஒருநாள்.

இவள் குஞ்சத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "பலிக்காதவங்க மறுபடி அந்த வாசல்ல எதுக்கும்மா வந்து நிக்கப் போறாங்க?"

மாமியார் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் அடுப்படியில் என்னிடம் மெதுவாக, "அந்தப் பொண்ணு சொன்னதுல ஏதோ இருக்குதுடி" என்றார்.

பக்கத்து வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி ஒரு பெண் வந்தாள். வந்த நாளிலிருந்து தறியில் பாவு இழை அறுந்துகொண்டே இருக்கிறது என்று அவள் மாமியார் புலம்ப ஆரம்பித்தாள். அந்தப் பெண் காதில் விழும்படியே சொல்வாள். இவள் போய்க் கேட்டாள்.

"மருமவ வர்றதுக்கு முந்தி எத்தனை வாட்டி அறுந்துதுக்கா?"

"அதை யாரு எண்ணினா?"

"அப்ப இப்ப ஜாஸ்தின்னு எப்படித் தெரிஞ்சுது?"

தறிக்காரரிடம் மடியிலிருந்த நூல் துண்டுகளைக் கொடுத்தாள். அறுகிற ஒவ்வொரு தடவையும் தறிக் காலில் ஒன்று கட்டச் சொன்னாள். பெண் வீட்டில் இருக்கிற நாளில் சிவப்பு, இல்லாத நாளில் வெள்ளை. ஆடி மாதம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆடி முடிந்து எண்ணினால், ஆனி மாதச் சிவப்பை விட ஆடி மாத வெள்ளை இரண்டு அதிகம்.

"ஆடிக் காத்துல பட்டு காஞ்சு அறுந்திருக்கும்" என்றாள் அந்த மாமியார், விடாமல்.

இவள் கட்டின நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். "இருக்கும்க்கா. அது எனக்குத் தோணலை. காத்தையும் பொண்ணையும் ஒண்ணா போட்டுக் குழப்பிட்டேன்" என்றாள். அவள் அப்படித்தான். தப்பு என்று தெரிந்தால் அதே குரலில் ஒத்துக்கொள்வாள். ஆனால் அந்தக் காற்று என்ற வார்த்தை மாமியார் வாயிலிருந்தே வந்துவிட்டதே, அதற்கப்புறம் பெண் மேல் பழி போடவில்லை. அடுத்த வாரம் அந்த மாமியாரே போய் மருமகளை அழைத்து வந்தாள்.

எல்லா நேரமும் இப்படி நல்லதாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு சாவு வீட்டில், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவங்க யாரும் உசிரோட திரும்பலையே" என்று ஒரு அம்மா அழுதாள். இவள், "முத்திப் போனப்புறம்தானே நாம கொண்டுக்கினு போறோம்" என்றுவிட்டாள். உண்மைதான். அதைச் சொல்கிற இடமா அது? அந்த அம்மா இன்னும் பெரிதாக அழுதாள். "என் வாயிலே துணியை வெச்சு அடைக்கணும்க்கா" என்றாள் இவள், திரும்பி வரும் வழியில். பின்னால் அந்தத் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றபோது, முதல் நாளே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவள்தான். குழந்தை பிழைத்தது.

எழுபதாம் வருஷம் அவள் புருஷனுக்கு வேலூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எனக்கு அவளை நினைத்தால் ஒரு வெள்ளிக்கிழமைதான் முதலில் வரும்.

அந்த வாரம் மூன்று புடவை ஒரே சாயத்தில் தோய்த்த மஞ்சள் பட்டில் இறங்கியிருந்தன. உடல் மூன்றுக்கும் ஒன்றுதான். கரைதான் வேறு. ஒன்றுக்கு இரண்டு பக்கமும் அரக்குச் சிவப்பு. ஒன்றுக்கு இரண்டு பக்கமும் பச்சை. மூன்றாவது கங்கா ஜமுனா, அதாவது ஒரு கரை அரக்கு, மறு கரை பச்சை. இரண்டு பக்கமும் அரக்காக இருந்தது முசரவாக்கத்துக்காரர் ஒருத்தர் தன் பெண்ணின் முகூர்த்தத்துக்குச் சொல்லி நெய்தது. மறுநாள் விடியற்காலையில் கல்யாணம். மற்ற இரண்டும் விற்பனைக்கு.

ஊர் ஊராகப் புடவை விற்கிற இரண்டு பெண்கள் அந்த இரண்டையும் வாங்கிப் போக வந்தார்கள். ஒருத்தி கூரம் பக்கம் போகிறவள், ஒருத்தி ஏனாத்தூர் பக்கம். எந்தக் கரையானாலும் அவர்களுக்குச் சரி. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்கு முன்னால் சரக்கு வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று முதலாளி குதித்தார். "சீக்கிரம் எடுத்துக் குடும்மா, ராகு காலம் வந்துடப் போகுது!"

நான் அலமாரியைத் திறந்தேன். மூன்று பொட்டலமும் ஒரே மாதிரி. சீட்டுகள் நூலிலிருந்து நழுவி அலமாரியின் அடியில் கிடந்தன. எது எது என்று தெரியவில்லை. பிரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்க வேண்டும். கேட்டிருந்தால் முதலாளி இரண்டு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. மேலே இருந்த இரண்டை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டேன்.

மதியம் முசரவாக்கத்துக்காரர் வந்தார். முதலாளி மிச்சமிருந்த பொட்டலத்தைத் தாம்பாளத்தில் வைத்துப் பிரித்தார். இரண்டு பக்கமும் பச்சை.

"என்னய்யா இது? எம் பொண்ணு மணையில கிளி மாதிரி போயி குந்தணுமா?" என்றார் அவர். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு பக்கமும் அரக்குன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. விடிஞ்சா தாலி."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

முகூர்த்தப் புடவை இரண்டு விற்பனைக்காரிகளில் ஒருத்தியிடம் போயிருக்கிறது. எவளிடம்? கல்யாண மாதம். நல்ல பட்டு கண்ணில் பட்டால் சாயங்காலத்துக்குள் யாராவது வாங்கிவிடுவார்கள். அவர்கள் நடந்து நடந்து கிராமம் மாறுகிறவர்கள், பஸ்ஸில் போய்த் தேட முடியாது. வீட்டில் இருந்தது ஒரே மோட்டார் சைக்கிள், ஓட்டத் தெரிந்தது முதலாளி ஒருத்தருக்குத்தான்.

அப்போதுதான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பூக்காரி சொன்னாள். "கூரத்துக்குப் போறவ எங்கிட்ட பூ வாங்கினா. கூடையில சொருகறப்போ காகிதம் ஓரம் கிழிஞ்சுபோச்சு. அரக்குக் கரை தெரிஞ்சுது. நல்லாருக்குதேடின்னுகூட சொன்னேன்."

"மறு கரை?"

"அது உள்மடிப்புல இல்ல இருக்குது? நான் இன்னா பிரிச்சா பாத்தேன்?"

முதலாளி கையை விரித்தார். "அரக்குக் கரை கல்யாணப் புடவையிலயும் இருக்குது, கங்கா ஜமுனாவுலயும் இருக்குது. அவகிட்ட இருக்கறது ரெண்டுல எதுவோ. பாதிக்குப் பாதி. ஏனாத்தூர் கிட்டக்க, ரோடும் நல்லாருக்கும். முதல்ல அங்கே போறேன்."

"பாதிக்குப் பாதி இல்ல, முதலாளி."

குஞ்சம் முடிந்துகொண்டிருந்த இடத்திலிருந்து இவள் குரல். முதலாளி திரும்பவே இல்லை. "ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

"பச்சைப் புடவை இங்க இருக்குது. அதை விட்டுடுங்க." மடியிலிருந்து நூல் துண்டுகளை எடுத்துத் தரையில் வைத்தாள். இரண்டு அரக்கு சேர்த்து ஒரு பக்கம். ஒரு அரக்கும் ஒரு பச்சையும் சேர்த்து இன்னொரு பக்கம். "இது கல்யாணப் புடவை, இது கங்கா ஜமுனா. மொத்தம் அரக்குக் கரை எத்தனை?"

"மூணு" என்றார் முசரவாக்கத்துக்காரர். அவர் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"பூக்காரி பாத்தது இந்த மூணுல ஒண்ணு. அந்த மூணுல ரெண்டு கல்யாணப் புடவையோடது. ஒண்ணுதான் கங்கா ஜமுனாவோடது. அவ கூடையில இருந்தது கங்கா ஜமுனாவா இருந்திருந்தா, பூக்காரிக்குப் பச்சை தெரிஞ்சிருக்கவும் நியாயம் இருக்குதில்ல? பச்சை தெரியலை. அரக்குதான் தெரிஞ்சுது. கூரத்துக்கு ரெண்டு பங்கு, ஏனாத்தூருக்கு ஒரு பங்கு."

இவளே நெற்றியைச் சுருக்கினாள். அந்தப் பழக்கம் அவளை விடாது. தான் சொன்னதையே ஒருதரம் தட்டிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கங்கா ஜமுனா மடிக்கறப்போ எந்தக் கரையை வெளிய வெப்பே?"

அரக்கு மங்கலம், கங்கா ஜமுனா என்றால் அரக்குக் கரைதான் வெளியே தெரிய வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். வேலையில் சேர்ந்த அன்றே சொன்னார்.

முதலாளி முந்திக்கொண்டார். "அரக்குதான் வெளிய வெப்பா. நான் சொல்லித்தான் வெச்சிருக்கேன்."

இவள் கை நூல் மேல் நின்றுவிட்டது. "அப்படின்னா நான் சொன்னது தப்பு. அப்ப ரெண்டு புடவையுமே அரக்கைத்தான் காட்டும். பூக்காரி பாத்ததுல ஒரு சேதியும் இல்ல. நீங்க சொன்ன பாதிக்குப் பாதிதான் சரி." பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீ சொல்லு. எப்பவும் அரக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் எனக்குத் தொல்லை இல்லை. காலையில் செய்த தப்போடு போயிருக்கும். ஆனால் அந்த அப்பா தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த விதம் எனக்குத் தாங்கவில்லை.

"இல்லைங்க" என்றேன். "தறியிலேருந்து எந்த வாட்டத்துல வருதோ அந்த வாட்டத்துலயே மடிச்சுடுவேன். திருப்பிப் போட்டா சரிகை முறிஞ்சுடுமோன்னு பயம். சில வாட்டி அரக்கு வெளிய வரும், சில வாட்டி பச்சை. இந்தப் புடவையில எது வந்துதுன்னு நினைவில்ல."

"எத்தனை நாளா இப்படி?" என்றார் முதலாளி.

"சேர்ந்த நாள்லேருந்துங்க."

அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. முசரவாக்கத்துக்காரர்தான், "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அந்தப் பொண்ணு சொல்றது எனக்குப் புரியுது. கூரத்துக்கு விடுங்க வண்டியை" என்றார். முதலாளி பச்சைப் புடவையை மாற்றிக் கொடுப்பதற்காக எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். பெண்ணின் அப்பா ஏகாம்பரநாதர் கோபுரம் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தார். இவள் குஞ்சம் முடிந்தாள். ஒரு முடிச்சு பெரிதும் ஒரு முடிச்சு சின்னதுமாக விழுந்தது. அவிழ்த்தாள், மறுபடி முடிந்தாள், மறுபடி அவிழ்த்தாள்.

"அங்க இருக்கும் இல்ல?" என்றேன்.

"மூணுல ரெண்டுக்கா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

நாலு மணி சுமாருக்கு வண்டிச் சத்தம். முதலாளி உள்ளே வந்து, கொண்டுபோன பச்சைப் புடவையையே திரும்பத் தாம்பாளத்தில் போட்டார். கூரத்துக்காரியிடம் இருந்தது கங்கா ஜமுனா. ஒரு பக்கம் அரக்கு. மறுபக்கம் பச்சை.

"கூரம் தாண்டி, வயல் வரப்புல ஓடி அவளைப் பிடிச்சேன். இதுக்கு!" என்றார். "பாதிக்குப் பாதின்னு சொன்னேனே, கேட்டீங்களா? நூலைப் பரப்பி வெச்சுக்கினு பாடம் நடத்தறா!"

இவள் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை. "மூணுல ஒண்ணு அப்படியும் இருக்கும்னு சொன்னேன், முதலாளி. இப்ப கணக்கே வேணாம். ஏனாத்தூருலதான் இருக்குது, பக்கா. என்னை அப்புறம் திட்டுங்க, வண்டியை எடுங்க."

முசரவாக்கத்துக்காரர் இந்தத் தடவை தானும் பின்னால் ஏறிக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஏனாத்தூரில் ஒரு வீட்டில் அந்தப் புடவையைக் கேட்டிருக்கிறார்கள், வீட்டுக்காரர் வரட்டும் என்று விற்பனைக்காரியை உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் வருவதற்குள் இவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் அரக்கு. அந்த அப்பா அதைத் துண்டில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். படி இறங்கும்போது திரும்பி, இவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஏன் என்று முதலாளிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் குஞ்சத்துக்குப் புடவை வாங்க வந்தாள். முதலாளி கணக்குப் பிள்ளையிடம் பேசுவது போல, "இனிமே குஞ்ச வேலையை வேற ஆளுக்குக் குடுக்கறதா இருக்கேன்" என்றார். "என்னைத் தப்பான பக்கம் அனுப்பிச்சு ரெண்டு மணி நேரம் போக்கடிச்சவளுக்கு இங்க வேலை இல்ல. தெய்வச் செயலா அந்தப் புடவை விக்காம இருந்துது."

அவள் வாதாடவில்லை. எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிறவள், தன் சோற்றுக்கு வந்தபோது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள்.

"அவ சொன்னது தப்பில்லைங்க."

இதைச் சொன்னது நான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கையில் ஒரு நீலப் புடவை பாதி மடிப்பில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை, முதலாளியைப் பார்த்துச் சொன்னேன்.

"தப்பில்லையா? போன இடத்துல இருந்துதா புடவை?"

"இல்லைங்க. போனப்புறம்தான் அது நமக்குத் தெரிஞ்சுது. போறதுக்கு முந்தி நமக்குத் தெரிஞ்சது அந்த ஒரு கரைதான். அதை வெச்சுப் பாத்தா கூரம்தான் ரெண்டு பங்கு. சீட்டை நழுவ விட்டது நான். பிரிச்சுப் பாக்காம குடுத்ததும் நான். நிறுத்தறதுன்னா என்னை நிறுத்துங்க." வாழ்நாளில் அவரிடம் நான் அவ்வளவு பேசியதில்லை. "நாளைக்கே இதே மாதிரி மூணு புடவை மாறிப்போயி, இதே மாதிரி ஒரு அரக்குக் கரைதான் தெரிஞ்சுதுன்னா, மறுபடியும் முதல்ல அந்தப் பக்கம்தாங்க போகணும்."

கணக்குப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு வாய் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

"அப்போ மறுபடியும் என்னை வரப்புல ஓட விடுவே?"

"ஆமாங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அலமாரியிலிருந்து குஞ்சம் முடிய வேண்டிய ஆறு புடவையை எடுத்து, என்னிடம் கொடுக்காமல், நேராகக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தார்.